மாமியின் கைகளும் ஒரு சிறு காமிராவும்

கையடக்கமான டிஜிட்டல் காமிரா ஒன்றைப் புதிதாக வாங்கியவரோ, வீட்டு அலமாரியிலிருந்து பழையதொன்றைத் தூசி தட்டி எடுத்தவரோ என்னிடம் வந்து, "முதலில் என்ன செய்யவேண்டும்?" என்று கேட்டால், "அதன் பிளாஷை அணைத்துவிடுங்கள்" என்பதே என் விடை. கேட்டவர் திகைப்பார். கடைக்காரர் சொல்லாத செய்தி அது. கருவியோடு வரும் கையேட்டின் முதற் பக்கங்களிலும் அது இராது. ஆயினும் அந்தச் சின்னஞ்சிறு கருவியோடு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் பழகியபின் என் உள்ளத்தில் உறுதிப்பட்ட பாடம் அதுதான். ஏனைய பாடங்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவையே.

"கைப்பேசியிலேயே காமிரா இருக்கையில் தனியாக ஒன்று எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். உலகமும் அப்படித்தான் கேட்டது. கேட்டு அந்தத் தொழிலையே ஏறத்தாழ மூடிவிட்டது. ஜப்பானியக் காமிரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010-ஆம் ஆண்டில் உலகச் சந்தைக்கு அனுப்பப்பெற்ற டிஜிட்டல் காமிராக்கள் 12 கோடிக்கு மேல்; அவற்றுள் மிகப் பெரும்பான்மை கையடக்க வகையைச் சேர்ந்தவை. 2023-இல் அக்கையடக்க வகையின் எண்ணிக்கை 20 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அதே வேளையில், இந்தப் பத்தாண்டில் இளைஞர்கள் தம் பெற்றோரின் அலமாரிகளைக் குடைந்து அப்பழைய காமிராக்களைத் தேடியெடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள். என் பேத்தியும் அவர்களுள் ஒருத்தி. அவளுக்கு அதில் பிடித்தது, படங்களில் தெரியும் ஒருவகைப் 'பழைய காலச் சாயல்'. எனக்கு அதில் பிடித்தது வேறு. அது படம் எடுப்பதைத் தவிர வேறெதுவும் செய்யாது. கையில் எடுத்தால் மணி அடிக்காது. யாரும் செய்தி அனுப்பமாட்டார்கள். பார்ப்பதற்கென்றே ஒருவன் ஒதுக்கும் அரைமணி நேரத்தை அது களவாடுவதில்லை.

இக்கருவியின் பிறப்பு வரலாறு சுவையானது. ஒளியை மின்னூட்டமாகத் தேக்கிவைக்கும் சில்லு ஒன்றை 1969-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் வடிவமைத்தனர். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2009-இல், அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975-இல் கோடாக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவன் சாசன் அத்தகைய சில்லு ஒன்றை வைத்து ஒரு காமிராவைக் கட்டினார். ஏறத்தாழ மூன்றரைக் கிலோ எடை; நூற்றுக்கு நூறாகப் பத்தாயிரம் புள்ளிகள் மட்டுமே கொண்ட கறுப்பு வெள்ளைப் படம்; அதை ஒலிநாடாவில் பதிய 23 விநாடி. பிலிம் விற்று வாழ்ந்த அந்நிறுவனம், பிலிம் வேண்டாத காமிராவைத் தன் வீட்டிலேயே பெற்றெடுத்தது. 2012-இல் திவாலுக்கு மனுக்கொடுத்தது.

இன்னும் பின்னோக்கிச் சென்றால், பதினோராம் நூற்றாண்டில் கெய்ரோவில் இருந்து எழுதிய பஸ்ரா நகரத்து அறிஞர் இப்னுல் ஹைதமைக் காணலாம். கிரகணத்தின்போது சிறு துளை வழியாக இருண்ட இடத்தில் புகும் ஒளி, எதிர்ச்சுவரில் கதிரவனின் பிறை வடிவத்தை வரைவது ஏன் என்று கணக்கிட்டு ஆராய்ந்தவர் அவர். இதை நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 'காமிரா' என்னும் சொல்லே அரபியிலிருந்து வந்தது என்று சிலர் மேடைகளில் முழங்குவதைக் கேட்கும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். அது அறையைக் குறிக்கும் இலத்தீனச் சொல். அதற்கும் முன் கிரேக்கம். உண்மையான பெருமை இருக்கும்போது பொய்ப்பெருமை எதற்கு?

இனி என் காமிராவைப் பற்றிச் சொல்கிறேன். 2008-ஆம் ஆண்டு துபாயிலிருந்து விடுமுறையில் வந்த என் தம்பி அதைக் கொண்டுவந்தான். கேனன் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். அதற்கு முந்தைய ஆண்டு வெளிவந்தது. 71 இலட்சம் புள்ளிகள், நான்கு மடங்கு நெருக்கிக் காட்டும் ஜூம், இரண்டு சாதாரணப் பென்டார்ச் மின்கலங்கள். பின்புறத்தில் இரண்டரை அங்குலத் திரையும், அதன் மேலே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சிறு சாளரமும் உண்டு. பள்ளியில் தமிழ் கற்பித்த எனக்கு அதுவரை காமிராவோடு எந்த உறவும் இல்லை. பேரப்பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொள்வேன் என்று எண்ணித்தான் தம்பி தந்தான். ஆனால் அதை வாங்கியதும் என் நினைவுக்கு வந்தது பத்தமடையிலிருந்த என் மாமி.

வாப்பாவின் மூத்த சகோதரி அவர்கள். பத்தமடைக் கோரைப்பாயைப் பற்றித் தமிழ்நாட்டில் அறியாதவர் இலர். தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையை வெட்டி, காயவைத்து, கீறி, ஓடும் நீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மீண்டும் உலர்த்தி, பருத்தி நூல் பாவில் ஊடையாகக் கோத்து நெய்வது. மிக மெல்லிய வகையைப் பட்டுப்பாய் என்பார்கள். துணிபோல் மடித்து வைக்கலாம். திருமணத்துக்கென மணமக்களின் பெயர்களை நெய்து தருவதும் உண்டு. அவ்வூர்ப் பெண்கள் தம் வீட்டுக்குள் அமர்ந்தே தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் தொழில் அது. மாமிக்கு அப்போது எழுபது வயதுக்குமேல் ஆகியிருந்தது. தம் பேத்தியின் நிக்காஹுக்கென்று ஒரு பாயைத் தறியில் ஏற்றியிருந்தார்கள். "இதுதான் நான் கையால போடுற கடைசிப் பாய்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கண் மங்கிவிட்டது, இடுப்பும் ஒத்துழைக்கவில்லை. ஊரில் விசைத்தறிகள் வந்துவிட்டன. பிளாஸ்டிக் பாய்கள் அதற்கு முன்னரே வந்துவிட்டன. அந்தப் பாய் முடிவதற்கு இன்னும் ஆறு வாரம் ஆகும் என்று கணக்கிட்டேன். அந்த ஆறு வாரத்துக்குள் இந்தக் காமிராவைக் கற்றாகவேண்டும் என்பது என் எண்ணம்.

மாமியிடம் அனுமதி கேட்டேன். கேட்காமல் எடுத்திருந்தால் எடுத்திருக்கலாம்; மருமகன்தானே. ஆயினும், புதிதாகக் காமிரா பிடிப்பவர்கள் எவரும் பிறரைப் படமெடுக்குமுன் கேட்கவேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கருவி எவ்வளவு சிறிதாகிறதோ, கேட்கும் பழக்கமும் அவ்வளவு அருகிப் போகிறது. மாமியின் முகத்தை, வாக்காளர் அட்டைக்காக எடுத்ததைத் தவிர, எவரும் படமெடுத்ததில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் அவர்களுக்கே சிரிப்பு வரும். சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்கள்:

"மொகத்த எடுக்காத மருமவனே. வேலை செய்யிறது கைதானே? அத எடுத்துக்க."

அந்தச் சொல்லே எனக்கு முழுப் பாடத்திட்டமாயிற்று. வேறெதையும் நான் தேடவேண்டியதில்லை. ஓர் அறை, ஒரு தறி, இரண்டு கைகள். புதிதாகத் தொடங்குவோர் பலர் முதல் நாளே மலை, கடல், மணிமண்டபம் என்று அலைந்து நூறு படங்களை எடுத்துக் குவிக்கிறார்கள்; ஒன்றிலிருந்தும் எதையும் கற்பதில்லை. ஒரே பொருளை ஒரே இடத்தில் நாள்தோறும் எடுத்துப் பாருங்கள். படத்துக்குப் படம் மாறுவது ஒளி மட்டுமே என்பது தானே விளங்கும்.

முதல் நாள் பிளாஷ் தானாகவே வெடித்தது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அப்படித்தான் அமைத்து அனுப்புகிறார்கள். இருட்டைக் கண்டால் பளிச்சென்று மின்னும். மாமி கையை நிறுத்திவிட்டார்கள். "கண்ணுல மின்னல் அடிச்சா இழை தப்பிப் போவும்லா?" என்றார்கள். அதற்குமேல் எனக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. படத்தைப் பார்த்தாலோ அதுவும் அவர்கள் பக்கமே சாட்சி சொன்னது. கைகள் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தன. பின்னணியில் அறை காணாமலே போயிருந்தது. காமிராவின் நெற்றியில் அமர்ந்திருக்கும் அவ்விளக்கு, பொருளின் முகத்தில் நேராக மோதி நிழலையெல்லாம் துடைத்துவிடுகிறது. நிழல் போனால் உருண்டை போயிற்று; சுருக்கம் போயிற்று; நரம்பு போயிற்று. எழுபதாண்டுக் கையில் பார்ப்பதற்கு எஞ்சியிருப்பது அவைதாமே? அன்றியும், இச்சிறு விளக்கின் வெளிச்சம் மூன்று மூன்றரை மீட்டருக்கு அப்பால் பயன்படுவதில்லை. திருமணப் பந்தலின் கடைசி வரிசையிலிருந்து மேடையை நோக்கிப் பிளாஷ் அடிப்பவர்கள் முன்வரிசையாரின் தலைமயிரைத்தான் ஒளிரச் செய்கிறார்கள்.

மின்னல் போல வளைந்த அம்புக்குறி ஒன்று பொத்தானருகே இருக்கும். அதை அழுத்தி, குறியின்மேல் கோடு விழும்வரை மாற்றினால் பிளாஷ் அணைந்துவிடும். அணைத்த பிறகுதான் தொல்லை தொடங்குகிறது; கல்வியும் தொடங்குகிறது. வெளிச்சம் போதாமல் காமிரா தன் திரையை நெடுநேரம் திறந்துவைக்கும். கை சிறிது நடுங்கினாலும் படம் கலங்கிவிடும். இதற்கு மூன்று வழிகள் உண்டு. வெளிச்சத்தை நோக்கிப் பொருளைக் கொண்டுபோகலாம். காமிராவை அசையாமல் வைக்கலாம். அல்லது ஐஎஸ்ஓ என்னும் எண்ணை உயர்த்தலாம். மூன்றாவது எளிது, ஆகவே எல்லாரும் அதையே செய்கிறார்கள். அதன் விலை என்ன என்பதைச் சொல்லவேண்டும். என் காமிராவின் ஒளியுணரும் சில்லு ஏறத்தாழ 5.8 மில்லிமீட்டர் நீளமும் 4.3 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. ஒரு துவரம்பருப்பின் அளவு! பழைய பிலிம் சுருளில் ஒரு கட்டத்தின் பரப்போடு ஒப்பிட்டால் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தப் பருப்பின்மேல் 71 இலட்சம் கிண்ணங்களை அடுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் விழும் ஒளி சில துளிகளே. ஐஎஸ்ஓவை உயர்த்துவது என்பது அத்துளிகளைப் பெருக்குவது அன்று. அவற்றின் குரலை உரக்க ஒலிபரப்புவது. இரைச்சலும் கூடவே உரக்கக் கேட்கும். 80, 100, 200 வரை என் காமிரா பளிங்காக எடுத்தது. 400-இல் மணல் தூவியது. 1600 என்ற எண்ணை அதில் அச்சிட்டிருந்தது விற்பனைக்காகவே என்று நினைக்கிறேன்.

ஆகவே முதல் இரண்டு வழிகளே எனக்கு உகந்தன. மாமியின் தறி, கிழக்கு வாசலிலிருந்து நாலடி தள்ளி இருந்தது. காலை எட்டு மணியிலிருந்து பத்து மணிவரை முற்றத்து ஒளி பக்கவாட்டில் வந்து பாயின்மேல் படியும். பத்துக்குப் பிறகு அது மேலேறி மங்கிவிடும். நேர்வெயில் அன்று, முற்றத்துச் சுவரில் பட்டுத் தெறித்துவரும் மென்மையான ஒளி. அதில் கோரை இழைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வெளிச்சமும் மறுபக்கம் நூலளவு நிழலும் உண்டாயின. விலைமிக்க விளக்குகளை வைத்து நிழற்பட நிலையங்கள் உண்டாக்க முயல்வது அந்த ஒளியைத்தான். நம் வீடுகளில் அது இலவசமாக, குறித்த நேரத்தில் வந்து போகிறது. அறைக்குள் மஞ்சள் குமிழ்விளக்கு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. அதை அணைக்கச் சொன்னேன். முற்றத்து ஒளி நீலம் கலந்தது, குமிழ்விளக்கின் ஒளி சிவப்புக் கலந்தது. இரண்டும் ஒரே படத்தில் சேர்ந்தால் எதை வெள்ளை என்று கொள்வது என்று காமிரா குழம்பும். ஒரு கை மஞ்சளாகவும் மறுகை நீலமாகவும் விழும்.

அசையாமல் வைப்பதற்கு முக்காலி என்னிடம் இல்லை. கோரைக் கட்டு ஒன்றை நகர்த்தி வைத்து, அதன்மேல் அரிசி நிரப்பிய சிறு துணிப்பையைப் போட்டு, அதில் காமிராவைப் பதித்தேன். விரலால் அழுத்துகிற அதிர்வும் படாதிருக்க, தானே எடுக்கும் கடிகார அமைப்பை இரண்டு விநாடிக்கு வைத்தேன். தறியையும் பாயையும் எடுக்க இம்முறை போதும். விநாடியில் எட்டில் ஒரு பங்கு நேரம் திறந்திருந்தாலும் இழை இழையாகப் படம் விழுந்தது. ஆனால் கைகள் நிற்பதில்லையே! என் காமிராவில் நடுக்கத்தைத் தணிக்கும் வில்லை அமைப்பு உண்டு. பலர் அதை நம்பி ஏமாறுகிறார்கள். படமெடுப்பவர் கை நடுங்கினால்தான் அது உதவும். படமெடுக்கப்படுபவர் கை நகர்ந்தால் அதற்கு ஒன்றும் தெரியாது.

இவ்விடத்தில்தான் பொத்தானைப் பற்றிய இரகசியம் வருகிறது. கையடக்கக் காமிராவின் பொத்தானுக்கு இரண்டு படிகள் உண்டு. பாதி அழுத்தினால் அது தூரத்தை அளந்து, வெளிச்சத்தை அளந்து, பச்சை விளக்கைக் காட்டி ஆயத்தமாக நிற்கும். மீதியை அழுத்தினால் படம் விழும். இதை அறியாதவர்கள் ஒரே அமுக்காக அமுக்கி, அளவையெல்லாம் முடித்துக் காமிரா கண்ணைத் திறப்பதற்குள் குழந்தையின் சிரிப்பு போய்விட்டது என்று கருவியைப் பழிப்பார்கள். நான் பாதியழுத்திய விரலோடு காத்திருந்தேன். மாமியின் வேலையில் ஒரு தாளம் இருந்தது. குச்சியால் கோரையை ஊடே செலுத்துவார்கள், ஓரத்தில் திருப்புவார்கள், அச்சை இழுத்து அடிப்பார்கள். அடித்தபின் கண்ணிமைக்கும் நேரம் கை அச்சின்மேல் ஓய்ந்திருக்கும். அந்த இமைப்பொழுதுதான் எனக்குரியது. இரண்டாம் வாரத்தில் காமிராவின் திரையைப் பாராமல் ஓசையை வைத்தே அழுத்தக் கற்றேன். பள்ளியில் செய்யுளுக்குத் தாளம் போட்டுக் கற்பித்தவனுக்கு அது கடினமாக இல்லை.

இன்னொரு செய்தியையும் பாய்தான் கற்பித்தது. சாயமேற்றாத கோரை வெளிர்நிறம். படம் முழுவதையும் அதுவே நிரப்பும்போது, காமிரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. உலகில் உள்ள எல்லாக் காட்சியும் சராசரியில் நடுத்தரச் சாம்பலே என்று எண்ணும்படி அதன் அளவி அமைக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைச் சட்டைக்காரரையும் கரிமூட்டையையும் ஒரே நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கூட்டலும் கழித்தலும் சேர்ந்த குறியொன்று காமிராவில் உண்டு. வெளிர்ப்பொருளுக்குக் கூட்டல் பக்கமும், கரும்பொருளுக்குக் கழித்தல் பக்கமும் சற்று நகர்த்தவேண்டும். நான் மூன்றில் இரண்டு படி கூட்டினேன். பாய் பாயாகவே தெரிந்தது.

அருகில் சென்று எடுப்பதற்குப் பூப்போன்ற குறியொன்று உண்டு; ஐந்து சென்டிமீட்டர்வரை நெருங்கலாம் என்பார்கள். நெருங்கலாம், ஆனால் அவ்வளவு நெருங்கினால் காமிராவின் நிழலே பாயில் விழும், மாமியின் கைக்கும் இடமிராது. ஒரு சாண் தள்ளியே நின்றேன். பிறகு ஓரங்களை வெட்டிக்கொண்டேன். 71 இலட்சம் புள்ளிகளில் பாதியை வீசியெறிந்தாலும் தபாலட்டையைவிடப் பெரிய படம் அச்சிடப் போதும். ஜூமை நீட்டுவதும் அறைக்குள் ஆகாது. நீட்டும்போது வில்லையின் வாய் எஃப் 2.6-லிருந்து எஃப் 5.5-க்குச் சுருங்கி, உள்ளே வரும் ஒளி நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டடி நடந்து செல்வதே மேல். இவ்வாறு நெருங்கி எடுக்கும்போது மேலேயுள்ள சிறு சாளரத்தின் வழியே பார்ப்பதும் கூடாது. அது வில்லைக்குச் சற்றுத் தள்ளியிருப்பதால், அது காட்டும் விரல் வேறு, படத்தில் விழும் விரல் வேறு. 'டிஜிட்டல் ஜூம்' என்று ஒன்றும் உண்டு. அது வெறும் கண்கட்டு வித்தை. அமைப்புப் பட்டியலில் புகுந்து அதை அணைத்துவிட்டு மறந்துவிடலாம்.

மின்கலம், அட்டை முதலியவற்றைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலங்களால் இக்காமிராக்கள் சில படங்களுக்குமேல் ஓடுவதில்லை. மீண்டும் மின்னேற்றக்கூடிய நிக்கல் வகை நான்கு வாங்கி, இரண்டை உள்ளேயும் இரண்டைச் சட்டைப்பையிலும் வைத்துக்கொள்ளவேண்டும். பழைய காமிராவை இன்று எடுப்பவர்கள், இன்றைய பெரிய எஸ்டி அட்டையைச் செருகிப் பார்த்துக் காமிரா பழுது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். 2006-க்கு முற்பட்டவற்றுள் பல இரண்டு ஜிபிக்கு மேற்பட்ட அட்டையை ஏற்பதில்லை. சிறிய அட்டையைத் தேடிப் போடுங்கள். தேதியைச் சரிசெய்யுங்கள். உள்ளே சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மின்கலம் இருக்கும்; அது இறந்துவிட்டால் கருவி ஒவ்வொரு நாளும் பிறந்த நாளுக்கே திரும்பிவிடும். எந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்பது இன்று உங்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு கழித்துத் தெரியாது.

நான்காவது வாரத்தில் ஒருநாள் மாமிக்குப் படங்களைக் காட்டினேன். காமிராவின் பின்புறத் திரையில்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

"இது என் கையா? எங்க உம்மா கை மாதிரில்லா இருக்கு!"

பிறகு தம் கையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து நான் வருவதற்கு முன்பே குமிழ்விளக்கை அணைத்துவிடுவார்கள். ஓரம் திருப்பும் இடத்தில் வேண்டுமென்றே மெதுவாகச் செய்து காட்டுவார்கள். "இந்தா, கட்டைவிரல் இங்க நிக்கணும், எடுத்துக்க" என்பார்கள். அதுவரை நான் அவர்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தேன்; அதன்பின் அவர்கள் என்னைக்கொண்டு எதையோ எழுதிவைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்காமிராவில் அசையும் படமும் எடுக்கலாம். ஒரு ஜிபி அட்டையில் எட்டு நிமிட அளவுக்கு இடமிருந்தது. அதையும் எடுத்தேன். அச்சு அடிக்கும் ஓசையும், இடையே மாமி இருமுவதும், தெருவில் மீன்காரர் கூவுவதும் அதில் இருக்கின்றன. கேட்கும்போது நெஞ்சு கனக்கும். ஆயினும் விரல்களை ஆராய அது உதவவில்லை. விரல்கள் அவ்வளவு விரைவு. அசையாப் படம்தான் விரலை நிறுத்திக் காட்டியது.

பாய் முடிந்தது, நிக்காஹும் முடிந்தது. 2012-இல் மாமி மறைந்தார்கள். என்னிடம் அவர்களுடைய கைகளின் படங்கள் நானூற்றுக்குமேல் இருந்தன. அவற்றுள் அறுபதைத் தெரிந்தெடுத்துப் பாளையங்கோட்டையில் ஒரு கடையில் தாளில் அச்சிட்டேன். கணினியில் ஒரு பிரதி, தம்பியின் வீட்டில் ஒரு பிரதி என்று இரண்டு இடங்களில் வைத்துமிருக்கிறேன். ஆனால் தாளில் இல்லாத படத்தைத் தேடிப் பார்ப்பவர்கள் நம் வீடுகளில் குறைவு என்பது என் அனுபவம்.

மாமியின் மகள் இளமையில் தறியில் அமர்ந்தவள், மணமானபின் விட்டுவிட்டாள். தாயார் மறைந்த மறு ஆண்டு அந்தத் தறியை மீண்டும் கட்டினாள். சாதாரணப் பாய் அவளுக்கு வந்தது. பட்டுப்பாயின் ஓரம் மட்டும் வரவில்லை. மாமி திருப்பிய ஓரம் நேர்கோடாக நிற்கும். இவள் திருப்பியது அலை அலையாக வந்தது. படங்களைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கட்டைவிரல் எங்கே நிற்கிறது, சுட்டுவிரல் கோரையின் நுனியை எந்தப் பக்கம் மடிக்கிறது, இடக்கை பாவை எவ்வளவு தள்ளிப் பிடிக்கிறது என்பதெல்லாம் படத்தில் இருந்தன. அப்படியே வைத்தாள். முதலில் வரவில்லை.

"விரலு எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கேன் மச்சான். எம்புட்டு அழுத்தணும்னு படத்துல இல்லியே" என்றாள்.

இல்லைதான். ஒளி காட்டக்கூடியதை மட்டுமே காமிரா காட்டும். விரல் இருக்கும் இடத்தை அது பிடித்துவைத்தது. விரலின் வலிமையைப் பிடிக்கவில்லை. மீண்டும் மீண்டும் படங்களைப் புரட்டினோம். ஒரு படத்தில் மட்டும், பக்கவாட்டு ஒளியில், மாமியின் கட்டைவிரல் நகத்தின் நுனி வெளுத்துத் தெரிந்தது. அழுத்தியதால் குருதி விலகிய வெளுப்பு. மற்றப் படங்களில் நகம் இயல்பான நிறத்தில் இருந்தது. அதாவது, திருப்பும்போது அழுத்தவில்லை. திருப்பி முடித்து அச்சை இழுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் அழுத்தம். பிளாஷ் அடித்திருந்தால் எல்லா நகமும் வெளுத்துத்தான் இருந்திருக்கும்.

அவள் அந்தப் படத்தைத் தறிக்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்துப் பல மாதம் பழகினாள். இப்போது அவளுடைய ஓரம் நேராக வருகிறது; மாமியுடையது போலவா என்றால், இல்லை, அதைவிடச் சற்று இறுக்கம். அண்மையில் பத்தமடைக்குச் சென்றிருந்தபோது, கோரை நனைக்கும் நீர் தெறித்துத் தெறித்து அந்தப் படம் அடிப்பக்கத்தில் ஊறி, மாமியின் மணிக்கட்டுக்குக் கீழே நிறம் கரைந்திருப்பதைப் பார்த்தேன்.

"இன்னொன்னு போட்டுக் கொண்டாங்க மச்சான். இந்தத் தடவை கொஞ்சம் பெருசா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் பேத்தியை அழைத்து, கணினியில் அந்தக் கோப்பைத் தேடச் சொன்னேன். தேதியை வைத்தே ஒரு நிமிடத்தில் எடுத்துவிட்டாள்.